தூணுக்கு முன்னால் அப்பா நின்ற இடம்

எங்கள் அப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கூலிக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் பண்ணையில் மாடு மேய்த்தார். வளர்ந்த பின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து, கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியவர்களோடு நின்றார். அடி வாங்கினார், சிறைக்கும் போனார். யாரிடமும் கைகட்டி நிற்காதவர். அம்மாவிடம் மட்டும் அந்தக் கொள்கை செல்லாது.

அந்தப் போராட்டத்தில் உயிர்விட்டவர்களுக்கு வயலோரம் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் நினைவு நாளில், அன்று வரப்பில் கைகோத்து நின்ற அதே வரிசையில் தோழர்கள் அதன்முன் நிற்பார்கள். வர முடியாதவரின் இடத்தைக் காலியாக விடுவது அவர்கள் வழக்கம்.

அம்மா போன பின் அப்பாவைப் புனேக்கு, கராடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வீட்டு வேலைக்கு வரும் மராத்தி அக்காவிடம், "கூலி ஒழுங்கா குடுக்குறாங்களா?" என்று தமிழிலேயே விசாரிப்பார். கொடுப்பவள் நான் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

நுரையீரல் கெட்டுவிட்டது, பயணம் கூடாது என்றார் மருத்துவர். அதன்பின் நினைவு நாள் வந்தால், தூணடியில் நிற்கும் தோழரைத் தொலைபேசியில் அழைப்பார்.

"என் எடம் இருக்கா தோழர்?"

"இருக்கு தோழர்."

அதைக் கேட்ட பிறகுதான் சாப்பிடுவார். ஒருமுறையாவது திரும்பப் போய் அங்கே நிற்க வேண்டும் என்பதே அவருடைய கடைசி ஆசை. அது நிறைவேறவில்லை.

அப்பா மறைந்த பின் வந்த நினைவு நாளுக்கு நான் போனேன். வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அப்பாவுக்காக நிற்போம் என்று அதில் போய் நின்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைப் பிடித்தார். தொலைபேசியில் பதில் சொன்ன அதே குரல்.

"வாரிசுக்கு வர்ற எடம் இல்லம்மா இது."

"அப்ப காலியாவே விடுவீங்களா?"

"உசுரோட இருந்த வரைக்கும் விட்டோம். இன்னிக்கு மூடணும்."

நான் விலகினேன். அவர் இருபுறமும் பார்த்து, "நவுந்து நில்லுங்க தோழர்" என்றார். தோளோடு தோள் நெருங்கி, இடைவெளி மூடியது. புனே மின்மயானத்தில் அழாத நான் அங்கே அழுதேன்.

கடைசிவரை அப்பாவைக் கவனித்துக்கொண்ட மராத்தி அக்காவுக்கும், பாடை சுமந்த கராடித் தமிழ் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பா கண்மூடும்வரை அவருடைய இடத்தை யாருக்கும் கொடுக்காமல் காத்த தோழர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இனி எந்த நினைவு நாளிலும் புனேயிலிருந்து "என் எடம் இருக்கா" என்ற கேள்வி வராது.

மகள்,
புனே