பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதினேன்

வக்கீல் குமாஸ்தா வேலையில் நல்ல பேர் வாங்கினவன் கிடையாது. ஜெயித்தால் வக்கீலின் சாமர்த்தியம், தோற்றால் குமாஸ்தா எழுதின லட்சணம். வாய்தாவுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் டைப் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்போது நடந்தது இது.

அரை மணி நேரம்

ஆரோக்கியம் ஒரு பஸ் கம்பெனி ஒர்க் ஷாப்பில் பிட்டர். பெண்சாதி கோபித்துக்கொண்டு, நாலு வயசு மகள் பிலோமினாவோடு ராஜகீழ்ப்பாக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தையைக் கண்ணில் காட்டவில்லை. குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்டு ஆரோக்கியம் போட்ட மனுவை நான்தான் டைப் செய்தேன். "எதையும் பொத்தாம்பொதுவா எழுதாதே" என்பது எங்கள் வக்கீலின் உபதேசம். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும், மதியச் சாப்பாட்டு வேளையில், அரை மணி நேரம், இன்ன தெருவில் இன்ன பள்ளிக்கூடத்தில் என்று பெயரோடு போட்டேன். ஜட்ஜ் அப்படியே உத்தரவு கொடுத்தார்.

முதல் வெள்ளிக்கிழமை மகளைப் பார்த்துவிட்டு ஆரோக்கியம் நேரே என்னிடம் ஓடிவந்தான். "அண்ணா, எம் பொண்ணு எனுக்கு முட்டை ஊட்டி வுட்டுச்சுணா!"

ஜூன் மாதம்

பெரிய லீவு முடிந்து போனால் குழந்தை அங்கே இல்லை. குரோம்பேட்டையில் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள் தாய். அங்கே தலைமையாசிரியை உத்தரவை இரண்டு தரம் படித்துவிட்டு, "இதில் எங்கள் பள்ளி இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. தப்பு என் மேல். 'குழந்தை படிக்கும் பள்ளியில்' என்று போட்டிருந்தால் தீர்ந்தது. பெரிய மேதாவி மாதிரிப் பெயரை எழுதித் தொலைத்தேன்!

ஆரோக்கியத்திடம் உள்ளதைச் சொன்னேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம். "வுடுணா, திருத்திக்கலாம். சீக்கிரமா பண்ணு, அது என்னைத் தேடிக்கினு இருக்கும்" என்றான்.

வாய்தா

திருத்த மனு போட்டோம். ஜட்ஜுக்கு மாற்றல். எதிர்க்கட்சி வக்கீலுக்குக் காய்ச்சல். கேஸ் கட்டைக் காணோம். கோடை விடுமுறை. மறுபடி புது ஜட்ஜ். மூன்று வருஷம் ஓடியது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆரோக்கியம் லீவு போட்டு, பளிச்சென்று சவரம் செய்துகொண்டு வந்து நிற்பான், அன்றைக்கே குழந்தையைக் காட்டிவிடுவார்கள் என்கிற மாதிரி. அதைப் பார்க்கிற எனக்குச் சோறு இறங்காது. கோர்ட் டவாலிச் சேவகனுக்கு அது தமாஷ். "இன்னா ஆரோக்கியம், பொண்ணு கண்ணாலத்துக்குள்ள ஆர்டர் வாங்கிடுவியா?"

திருத்தம்

கடைசியில் கிடைத்தது: குழந்தை எந்தப் பள்ளியில் படித்தாலும் பார்க்கலாம். தனியாகப் போகப் பயமாயிருக்கிறது என்றான் ஆரோக்கியம். நானும் கூடப் போனேன். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆயா பிலோமினாவைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனாள். ஏழு வயசு, இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. ஆரோக்கியம் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

குழந்தை அவனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டது: "அப்பா வந்திருக்காருன்னு ஆயா சொன்னாங்க. உங்கள்ல யாரு சார் எங்கப்பா?"

எழுதினதில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் தொழிலில் உள்ள ஒரே சவுகரியம், கொஞ்சம் நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.