அம்மா ஜாடையும் என் வயிற்றெரிச்சலும்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலையில் பாலிசி பிடிப்பதுகூட சுலபம். அடுத்தவர் குடும்பத்தின் ஆரோக்கியத்தை எழுதிவிட்டு வயிறு எரியாமல் வீடு திரும்புவதுதான் கஷ்டம். என்னோடு சைக்கிள் மிதித்த ஏஜென்ட்டுகளே, உங்களுக்குத் தெரியாததா?

எண்பது வயது ஞாபகம்

பாரத்தில் ஒரு கட்டம் உண்டு: தாய் தகப்பன் வயது, வியாதி. அதை நிரப்பப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டுக்குப் போனேன். அவருடைய அப்பாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. வயது கேட்டால், அத்திவரதர் குளத்திலிருந்து வெளியே வந்த வருஷத்தை வைத்துக் கணக்குச் சொன்னார். அன்று வரிசையில் தனக்கு முன்னால் நின்றவர் பெயரையும் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நைனா ஐம்பதிலேயே மறக்க ஆரம்பித்து, கடைசியில் அம்மாவையே யாரென்று கேட்டவர். பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் அதே வயதில் அதே கதி. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு. கிழவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“உங்க நைனாவ அப்டியே உரிச்சி வெச்சிருக்கியேபா! அவரு கல்யாணத்துல நான்தான் பரிமாறினேன். மோர்க்கொழம்பு தீஞ்சிபோச்சி.”

யாருக்கோ கேட்பதுபோல்

பாலிசிக்காரர்களைச் சோதிக்கும் டாக்டரிடம், யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். சின்ன வயதிலேயே வரும் இந்த மறதி சில குடும்பங்களில் வம்சமாக இறங்கும், அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம் என்றார். நாங்கள் இரண்டே பேர், நானும் தம்பியும். நான் நைனா ஜாடை, அவன் அம்மா ஜாடை. பாதி என்றால் நான்தான் என்று முடிவு கட்டினேன். தம்பிக்கு வாய்த்த அம்மா மூக்கை நினைத்தாலே ஆத்திரம் வந்தது. மூக்கும் ஜாடையும் யாருடையதோ அவர் வியாதிதானே சார் வரும் என்றேன்.

“மூக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா. ரெண்டு பிள்ளைங்கன்னா ரெண்டு பேருக்கும் வரலாம், ரெண்டு பேருக்குமே வராமலும் போவலாம்.”

தம்பி வீட்டில்

டாக்டரை நான் நம்பவில்லை. பொறாமையில் இரண்டு வருஷம் தம்பி வீட்டுப் பக்கமே போகவில்லை. பிறகு அவன் மனைவி ஆள் அனுப்பினாள். போனால், தம்பி தறியில் இருந்தான். சேலையில் முந்தி போட வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு முழம் வெறும் உடல் பகுதியாகவே நெய்திருந்தான். “ஆறு மாசமா இப்டித்தான் மாமா பண்ணிக்கினு இருக்காரு” என்று அவள் அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றான்.

“வா நைனா. அண்ணன் இன்னும் வூட்டுக்கு வரலியே.”

ஊரார் வியாதியையெல்லாம் தீர விசாரித்து எழுதிய நான், பொறாமைப்பட மட்டும் விசாரிக்காமல் ஆள் பிடித்துவிட்டேன்.