மகளின் கல்வெட்டில் ஓர் அமெரிக்கச் சட்டத்தரணி

எங்கள் ஒரே மகள் போன மாசியில் புற்றுநோயால் காலமானாள். முருகனிடம் கேட்காத நாளில்லை. அவன் எடுத்துக்கொண்டான்.

பல்கலைக்கழகத்தில் அவள் ஓர் அமெரிக்கச் சட்டத்தரணியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதர். ரயில் கம்பனிகள் சாமான் ஏற்றுவதற்குப் பெரிய முதலாளியிடம் ஒரு கூலியும் ஏழைக் கமக்காரனிடம் அதைவிடக் கூடிய கூலியும் வாங்கினவையாம். நகரசபைக்காரர் தங்கள் ஆட்களுக்கே வேலைகளைக் கொடுத்தவர்களாம். இரண்டையும் எதிர்த்து வழக்காடியவர் அவர். லண்டன் ஹவுன்ஸ்லோவில் கடையைப் பூட்டிவிட்டு வந்து நான் சாப்பிடும்போது சொல்லுவாள். எனக்கு முழுதும் விளங்காது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்கு நினைவு மலர் கொடுப்பது எங்கள் வழக்கம். கல்வெட்டு என்போம். பதிகங்களோடு அந்தச் சட்டத்தரணியைப் பற்றி அவள் எழுதியதையும் அவர் படத்தையும் அதில் போட விரும்பினோம். மனைவி ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல, நான் தெரிந்த தமிழில் எழுதினேன்.

மனைவியின் தமையனுக்கு அது பிடிக்கவில்லை.

"மச்சான், செத்தவீட்டுப் புத்தகத்திலை வெள்ளைக்கார அப்புக்காத்துக்கு என்ன வேலை? சனம் சிரிக்கும்."

அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்தது. அவர்கள் எல்லாக் கல்வெட்டையும் போலவே செய்திருந்தார்கள். அந்தச் சட்டத்தரணியின் படத்துக்கும் மாலை, இரு பக்கமும் குத்துவிளக்கு, கீழே ஆத்மசாந்திப் பிரார்த்தனை.

"சரி, இனி இவருக்கும் பிண்டம் வைப்பம். ஐயர் கோத்திரம் கேட்டா என்ன சொல்லப்போறாய் மச்சான்?" என்றார்.

மனைவி பிரதியை வாங்கிப் பார்த்தாள்.

"இருக்கட்டும் அண்ணை. ஏலாமல் கிடந்தும் பிள்ளை இவரோடைதானே மினக்கெட்டவள். இவரும் செத்தவர்தான். ஒரு விளக்கு எரிஞ்சா என்ன?"

பிரதியை மடித்து என்னிடம் தந்தாள். நானும் மாற்றச் சொல்லவில்லை.

அந்தியேட்டியன்று சாப்பாடு முடிந்து மண்டபம் அடங்கியிருந்தது. மைத்துனர் ஒரு மூலையில் இருந்து கல்வெட்டை வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைப் புரட்டினார். அடுத்தது பதிகம். திரும்பவும் பின்னுக்குப் புரட்டினார்.

"மச்சான், ரயில் கம்பனியோடை போட்ட அந்தக் கடைசி வழக்கு... அந்தாள் வெண்டவரோ, தோத்தவரோ?"

"தெரியாது மச்சான். பிள்ளை அவ்வளவுந்தான் எழுதினவள்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.