‘அத்துமீறி’ என்று அடிப்பதற்கு முன்

1. முதல் நாள் பாடம்

பெரிய காஞ்சிபுரத்தில் வக்கீல் தாமோதரன் ஆபீஸில் டைப்பிஸ்டாக நான் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த திமிர் எனக்கு நிறையவே இருந்தது. முதல் நாளே மூன்று வக்கீல் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார்கள். மூன்றிலும் ஒரே சொல்: ‘அத்துமீறி’. அத்துமீறி வேலி போட்டார், அத்துமீறி ஜன்னல் வைத்தார், அத்துமீறித் தென்னை நட்டார். ஊரில் யாருமே அவரவர் இடத்தில் இருக்க மாட்டார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் நாம் இந்தச் சொல்லை இப்படியா புழங்குகிறோம்? ‘என் பேச்சை மீறிப் போயிட்டான்’ என்பாள் அம்மா. பாலாற்றில் தண்ணீர் வந்தால் கரை மீறியது என்போம். வாய் நீளமானவளை வரம்பு மீறிப் பேசுகிறாள் என்போம். கோர்ட்டுக்கு வந்ததும் அதே சொல் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

நோட்டீஸுக்குக் காரம் போதாது என்று தோன்றி, நானாகவே ஒன்றில் கூடுதலாக ஒரு ‘அத்துமீறி’ சேர்த்தேன். வக்கீல் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஏம்மா பத்மா, இது இன்னா, சாம்பாருக்கு உப்பா? மீறிட்டான்னு எழுதினா, அத்து எங்க இருக்குதுன்னு கேப்பான். அத்துன்னா எல்லை. அதக் காட்டணும். காட்ட முடிஞ்சா மட்டும் அடி.”

2. குப்புசாமியின் பாவு

சில மாதங்கள் கழித்து குப்புசாமி வந்தார். பட்டு நெசவாளி. உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றபடியே கத்தினார்.

“என் உரிமைய மீறிட்டான் சார் அந்த மாணிக்கம்! காரு வாங்கிட்டான் இல்ல, கண்ணு தெரியல!”

எங்கள் ஊர் நெசவாளர் தெருக்களில் காலையில் பாவு போடுவார்கள். சேலையின் நீளவாட்டு இழைகளை எல்லாம் தெருவோடு நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுக்க வேண்டும். அதுவரை தெரு பாவுக்குத்தான் சொந்தம். வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் குனிந்து அடியில் நுழைவார்கள். யாரும் தாண்ட மாட்டார்கள்.

மாணிக்கமும் அதே தெருவில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்தான். அரிசி மண்டி வைத்து நன்றாக வந்துவிட்டார். செகண்ட் ஹேண்ட் கார் ஒன்று வாங்கி, வீட்டுப் பக்கத்தில் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார். தினம் காலையில் மண்டிக்குப் போகும்போது ஹாரன் அடித்துப் பாவை எடுக்கச் சொல்கிறாராம். முந்தின நாள் பாதியில் எடுத்ததில் ஒரு கல்யாணச் சேலையின் பாவு சிக்கலாகிவிட்டது.

“நோட்டீஸ் உடுங்க சார்.”

“உடலாம்பா. அது முனிசிபாலிட்டி தெரு. உனக்கு எழுதிக் குடுத்தது யாரு?”

“எழுதி வேற குடுக்கணுமா? எங்கப்பன் போட்டான், அவங்கப்பன் போட்டான்!”

“வழக்கம்னு நானும் சொல்லுவேன். மாணிக்கத்தோட வக்கீல், ஜனங்க நடக்கிற தெருவ நீங்கதான் அத்துமீறி மறிக்கிறீங்கன்னு எழுதுவாரு. ஜட்ஜ் அந்தப் பக்கம் சாஞ்சிட்டா உன் பாவு மட்டும் போகாது, உங்க தெருவுல எந்தப் பாவும் இருக்காது.”

குப்புசாமி அப்போதுதான் உட்கார்ந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தச் சொல்லை நாம் எறிந்தால் நம் பக்கமே திரும்பி வரும் என்று எனக்கும் அன்றுதான் உறைத்தது.

“பத்மா, நீ அடுத்த தெருதானே? காலையில போயி நடக்கிறத பாத்துட்டு வா. அப்புறம் அடிக்கலாம்” என்றார் சார்.

3. ஹாரன்

மறுநாள் காலை போய் நின்றேன். சிவப்புப் பாவு தெருவை அடைத்து நீண்டிருந்தது. ஒரு முனையில் குப்புசாமி, இழைகளை ஒட்டி அவர் மனைவி செல்லம்மா. கொட்டகையிலிருந்து கார் மூக்கை நீட்டியது. ஒரு ஹாரன். யாரும் அசையவில்லை. மறுபடியும் நீளமாக ஒன்று. செல்லம்மா திடுக்கிட்டதில் கைபட்டுக் கொத்தாக இழைகள் அறுந்தன.

மாணிக்கம் கதவைத் திறந்து இறங்கினார். “எத்தினி தபா சொல்றது உங்களுக்கு? இது இன்னா உங்கப்பன் ஊட்டுத் தெ...”

அவர் கண் பாவு மேல் விழுந்துவிட்டது. சண்டை போட வந்த மனிதர், “அய்யய்யோ, உடாத, இழு, அந்த முனைய இழுத்துப் புடி குப்பு!” என்று வெள்ளைச் சட்டையோடு குனிந்துவிட்டார். விரல் நுனியால் இழையைப் பொறுக்கி, முறுக்கி, முடிந்து, அடுத்ததற்குப் போனார். ஒரு பக்கம் கஞ்சி சட்டையில் ஒழுகியது. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, ஆர்ன் அடிச்ச கையா இது?” என்றாள் செல்லம்மா.

தெருவே சிரித்தது. மாணிக்கத்துக்கு முதலில் கோபம், பிறகு வெட்கம், கடைசியில் அவரும் சிரித்தார். போய் இன்ஜினை நிறுத்திவிட்டு வந்து, பாவைச் சுருட்டுகிறவரை கூடவே நின்றார். மறுநாளிலிருந்து கார் தெருக்கோடியில் நின்றது. காலையில் அவர் அதுவரை நடந்து போனார், பாவுக்கு அடியில் குனிந்து.

நோட்டீஸ் அடிக்காமலே போயிற்று. ஃபீஸ் போச்சே என்று சார் பொய்யாக அலுத்துக்கொண்டார்.

4. இன்னொரு கட்சிக்காரர்

அடுத்த வருடம் ஒருநாள் மாணிக்கம் ஆபீஸுக்குள் மூச்சிரைக்க நுழைந்தார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் லாரியை நடுத்தெருவில் நிறுத்துகிறாராம்.

“எங்க பாவு போடற உரிமைய மீறிட்டான் சார்! அடிம்மா நோட்டீஸு!”

நான் சிரிப்பை அடக்க முடியாமல் டைப்ரைட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். வக்கீல் சார் மட்டும் முகம் மாறாமல் கேட்டார்: “அத்து எங்கப்பா இருக்குது?”

“வாங்க சார், நான் காட்டறேன். தெனம் குனிஞ்சிதானே போறேன்!”

புதிதாக டைப் அடிக்க வரும் பெண்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உரிமை என்பது கத்துகிறவனிடம் மட்டும் இல்லை. குனிந்து போகிறவனிடமும் இருக்கிறது. அவனையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து அந்தச் சொல்லை அடியுங்கள். மாணிக்கம் வந்த அன்று, தெருவையே மறிக்கிற லாரிக்காரன் நம்மைத் திருப்பிக் கேட்க முடியாது என்று சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பேப்பரைச் செருகி, நன்றாக அழுத்தியே அடித்தேன்: அத்துமீறி.