குழம்பின் மேல் போட்ட பழி

என் வாய்க்கு எப்போதுமே அவசரம். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், நாமக்கல் பக்கம் எங்கள் கோழிப்பண்ணைக் கொட்டகையில் பாய் விரித்துப் படுத்தவன், விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இமை கனத்தது. நாக்கு குழறியது. என் மனைவி பதறிப்போய்ச் சுக்கு தட்டினாள். "ஏனுங்க, என்னங்க பண்ணுது?"

"எல்லாம் நேத்து ராத்திரி நீ ஊத்துன தட்டப்பயறு கொழம்புதான். மனுசன் திம்பானா அத?" என்றேன். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.

கடித்தது கட்டுவிரியன். கடிபட்டது தெரியாது, முதலில் வயிற்றுவலியாகத்தான் காட்டும் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது என் தொண்டைக்குள் குழாய் போயிருந்தது. ஒரு மிஷின் எனக்காக மூச்சு விட்டது. கை, கால், இமை எதுவும் அசையவில்லை. எனக்கு நினைவே இல்லை என்று வந்தவர்கள் எல்லாம் முடிவு கட்டிவிட்டார்கள். அடப்பாவிகளா, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன்.

மூக்கு வழியாக வயிற்றுக்கு இன்னொரு குழாய் போட்டிருந்தார்கள். நர்ஸம்மா அவ்வப்போது அதில் உறிஞ்சிப் பார்ப்பார். இரண்டாம் நாள், "காப்பித்தூள் கரைச்ச மாதிரி வருது சார்" என்றார்.

"ஐயோ சாமி, அது என்ற கொழம்புதானுங்களே!" என்று என் மனைவி அலறினாள்.

"கொழம்பு இல்லம்மா, ரத்தம்" என்றார் டாக்டர். பொறுமையான மனிதர். உயிருக்கு ஆபத்து என்றால் உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிட்டு வயிற்றுக்குக் குறைத்துவிடுமாம். மிஷின் காற்றை நெஞ்சுக்குள் அழுத்துவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையுமாம். ரத்தம் போதாமல் வயிற்றின் உள்தோல் புண்ணாகிக் கசிகிறது என்றார். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல் முதலில் காய்வதைப் பார்த்தவன் நான், எனக்குப் புரிந்தது. அவளும் "செரிங்க" என்றாள். ஆனால் நம்பவில்லை.

டாக்டர் போனதும் நர்ஸம்மாவிடம் சொன்னாள்: "அவருக்கு வவுறு தெளியாம எனக்கு ஒரு வாய்ச் சோறு எறங்காதுங்க." அன்றிலிருந்து மோரைத் தவிர எதையும் தொடவில்லை. சொந்தக்காரர்கள் சோறு போட்டுக் கொண்டுவந்த தூக்குப்போசியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினாள்.

எனக்குப் பசி என்பதே இல்லை. வயிறு ஒன்று இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. ஆசையெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான். 'கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு புள்ள, போயித் தின்னு.' அதைச் சொல்ல உதடு அசையாதா என்று நாள் முழுக்க முட்டி மோதினேன். அந்த ஏக்கம் பாம்பு விஷத்தைவிடப் பொல்லாதது.

குழாய் வழியாக ஏதேதோ வெள்ளை மருந்து விட்டார்கள். ஐந்தாம் நாள் உறிஞ்சிய நர்ஸம்மா, "தெளிஞ்சிருச்சும்மா" என்றார். கஞ்சித்தண்ணீர் ஊற்றினார்கள். நெஞ்சுக்குக் கீழே இளஞ்சூடாக ஏதோ இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "கஞ்சி அவரு வயித்துல தேங்கலை, கீழ எறங்கிருச்சு. இனிமேலாவது சாப்பிடுங்க. இங்கயே உக்காருங்க, நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

போசி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சின்ன வெங்காயத்தை அவள் நறுக்கென்று கடிக்கும் சத்தம். என் கண்ணில் நீர் வழிந்தது. கண் வறளாமல் இருக்க விட்ட சொட்டு மருந்து என்று நினைத்து நர்ஸம்மா துடைத்துவிட்டார்.

பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். மனதுக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வீராப்பு வந்துவிட்டது. "மிசின் சத்தத்துல தூக்கமே இல்ல" என்று சிடுசிடுத்தேன். அவள் அதற்கே சிரித்தாள்.

வீட்டில் அதன் பிறகு தட்டைப்பயற்றுக் குழம்பு வைக்கவே இல்லை. ஆசைப்பட்டுக் கேட்டாலும், "வேண்டாமுங்க, உங்களுக்கு ஒத்துக்காது" என்பாள். ஆஸ்பத்திரியில் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது, தப்பு குழம்பில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வருஷங்களை ஓட்டிவிட்டேன்.

போன தையில் அவள் போய்விட்டாள். சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் இப்போது சொல்கிறேன், கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு புள்ள. வாய் நன்றாக அசைகிறது. கேட்கத்தான் அவள் இல்லை.