கிணற்றடியில் படித்த ‘கெட்’

திருச்செங்கோட்டில் பள்ளிக்கூடம் நடத்திய சித்தப்பா வீட்டில் எட்டாவது வரை படித்துவிட்டு, மல்லசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டேன். ஆங்கிலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் ‘கெட்’. எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் ஓடிவரும் பண்ணையாள் மாதிரி அது. வாங்குவதும் கெட், எழுந்திருப்பதும் கெட், நனைவதும் கெட், காய்ச்சல் குணமாவதும் கெட்.

என் வீட்டுக்காரருக்கு அந்தச் சொல்தான் எமன். ரயில்வே குமாஸ்தா வேலைக்குப் போய், துரை கேட்ட இங்கிலீஷில் தடுக்கி இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பியிருந்தார். அதனால் கிணற்றில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கும்போதே சொல்லிக் கொடுத்தேன். மாடுகள் சரிவில் இறங்கினால் ‘கெட் டவுன்’ என்பார். பின்வாங்கி மேலே வந்தால் ‘கெட் பேக்’. தப்பாகச் சொன்னால், வாய்க்காலில் தண்ணீர் திருப்பும் நான் மண்வெட்டியைத் தரையில் தட்டுவேன். மாடுகளுக்கு ஏதோ புது மந்திரம் ஓதுகிறோம் என்று பக்கத்துக் காட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

“வேலை மட்டும் கெடைக்கட்டும் சாமி. சேலத்துல உன்னைய வாத்தியாரம்மா படிப்புல சேத்தி உடறேன்” என்று அவர் சொன்னார். நான் மனதார நம்பினேன்.

வேலை கிடைத்தது. சூரமங்கலத்தில் ரயில்வே வீடும் கிடைத்தது. என் படிப்பை மட்டும் ஆடி போகட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தலைமைக் குமாஸ்தா வீட்டுக்கு வந்தார். பெண் பிள்ளைகள் பள்ளிக்குக் கொஞ்சம் படித்த பெண் ஒருத்தி வேண்டுமாம், பயிற்சிக்கும் அவர்களே அனுப்பி வைப்பார்களாம். உங்கள் வீட்டில் படித்தவர்களா என்று விசாரித்தார். காப்பியோடு நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

“அவளுக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதுங்க” என்றார் என் வீட்டுக்காரர், என்னைப் பார்த்துக்கொண்டே. நாக்குக் கொஞ்சமும் தடுமாறவில்லை.

காப்பியை வைத்துவிட்டு உள்ளே போனேன். வெயிலில் தொண்டை வறளக் கத்தியது இந்த மனுசனுக்காகவா என்று அடுப்பங்கரையில் நின்று அழுதேன்.

வந்தவர் போனதும் இவர் பூனை மாதிரி உள்ளே வந்தார். மேல் உத்தியோகத்துக்கு அடுத்த வாரம் பரீட்சை என்றார்.

“அந்தக் கெட் சமாச்சாரத்த இன்னொருக்காச் சொல்லிக் குடு சாமி.”

“எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுங்களே” என்று சொல்லிவிட்டு, காப்பி டம்ளரைக் கழுவப் போனேன்.