குலுங்காத விமானம்

அன்னவாசலில் அக்கா வீட்டுக்கு இன்று காலை போயிருந்தேன். துபாயில் அவர் மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது. விமானத்தில் ஏறவே மாட்டேன் என்று அக்கா ஒரு வாரமாக அடம் பிடிக்கிறார்.

காரணம் அத்தான்தான். பயம் தெளியட்டும் என்று, கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டில் திருச்சியிலிருந்து கிளம்புவதை வீடியோ எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"நடுவானத்துல நின்னு நின்னு போகுது தம்பி. அதுல நானா?"

"ஓட்டிக்கிட்டே ரெக்கார்டும் பண்ணுனேன். கம்ப்யூட்டர் திணறிருச்சு" என்றார் அத்தான்.

இம்முறை முதலில் ஓட்டி முடித்துவிட்டு, கணினிக்குச் சுமை குறைய மேகங்களைக் குறைத்து, ஓட்டியதை விளையாட்டே திரும்பக் காட்டும் ரீப்ளேயிலிருந்து பதிவு செய்திருந்தார். டிவியில் போட்டார். விமானம் சிறு உதறல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு மேலேறியது. அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"இது சரியாப் போகுது. டிக்கெட் போடுங்க."

அத்தான் அந்த நிமிடமே மகளுக்கு போன் போட்டார். "ஒங்கம்மா வாரா."

"நெசமாவாப்பா?" என்ற குரல் எனக்கே கேட்டது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அக்கா விடவில்லை. "இவரு மாதிரி குலுங்காம ஓட்டுற ஆளாப் பாத்துப் போடுங்க."

நிஜ விமானம் மேகத்துக்குள் கொஞ்சம் குலுங்கும் என்று அக்காவிடம் சொல்ல ஓர் ஆள் தேவை. தைரியமுள்ளவர்கள் கீழே கமெண்டில் பெயர் கொடுக்கலாம்.